அமெரிக்கச் சிற்றூர் ரயில் நிலையங்கள்: வரலாறும் மராமத்தும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவில் நான் குடியிருக்கும் சிற்றூரில் நூறு வயதைத் தாண்டிய மரக் கட்டட ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. அதைப் பழுதுபார்க்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். ஆறு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் பெயின்ட் சுரண்டுகிறேன், ஜன்னல் சட்டம் செப்பனிடுகிறேன், பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன். வேலைக்காக இங்கே குடிவந்த தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பெரியவர்கள், பள்ளி மாணவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் எங்கள் ஸ்டேஷனைப் பற்றியவை. பெரும்பாலானவை இந்த நாட்டின் எல்லாச் சிற்றூர் ஸ்டேஷன்களுக்கும் பொருந்தும்.

ஸ்டேஷனை ஏன் இவர்கள் ‘டிப்போ’ என்கிறார்கள்?

நமக்கு டிப்போ என்றால் பஸ் நிற்கும் இடம், இல்லாவிட்டால் விறகு டிப்போ. சரக்கு வைக்கும் இடம் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. அமெரிக்கச் சிற்றூரில் ஆட்களும் சரக்கும் ஒரே கூரையின் கீழ் வந்து போனதால் அந்தப் பெயரே ஸ்டேஷனுக்கு நிலைத்துவிட்டது.

இருப்பதிலேயே பழைய ஸ்டேஷன் எது?

மேரிலாந்து மாநிலத்தின் எலிகாட் சிட்டி. பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்பாதையின் முதல் பகுதி 1830 மே மாதம் பால்டிமோரிலிருந்து 13 மைல் தள்ளி இருந்த இந்த ஊர் வரைதான் திறக்கப்பட்டது. அப்போது வண்டியை இழுத்தவை குதிரைகள். கருங்கல்லில் கட்டிய அந்த நிலையம் 1831 வாக்கில் முடிந்தது. அமெரிக்காவில் இன்றும் நிற்கும் ஸ்டேஷன் கட்டடங்களில் அதுவே மூத்தது, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த ஆரம்ப காலத்தில் ஸ்டேஷன் என்று தனிக் கட்டடம் எல்லா இடத்திலும் கிடையாது. சத்திரத்தின் வாசலிலோ கடையின் முன்னாலோ வண்டி நிற்கும், டிக்கெட்டும் அங்கேயே கிடைக்கும்.

எந்த ஊருக்குப் போனாலும் ஸ்டேஷன் ஒரே சாடையில் இருக்கிறதே, ஏன்?

வேலை ஒன்றாக இருந்ததால் கட்டடமும் ஒன்றாக அமைந்தது. சிற்றூர் ஸ்டேஷன் என்றால் வழக்கமாக நீளவாக்கில் மூன்று பகுதி. ஒரு முனையில் பயணிகள் காத்திருக்கும் அறை. மறு முனையில் சரக்கு அறை. அதன் தரை மட்டும் கனமான பலகையாலும் நெருக்கமான உத்திரங்களாலும் போடப்பட்டிருக்கும், இரு பக்கமும் அகலமான தள்ளுகதவு இருக்கும். நடுவில் ஏஜென்டின் அறை. ஸ்டேஷன் மாஸ்டரை இங்கே ஏஜென்ட் என்பார்கள். அவர் ஒரு பக்கம் திரும்பி டிக்கெட் கொடுப்பார், மறுபக்கம் திரும்பி சரக்குக்கு ரசீது போடுவார். சில ஊர்களில் குடும்பத்தோடு மாடியிலேயே குடியிருந்தார்.

ரயில் கம்பெனிகள் இதற்கென வரைபடங்களை எண் போட்டுத் தயாராக வைத்திருந்தன. சதர்ன் பசிபிக் கம்பெனியின் 22ஆம் எண் வரைபடத்தைப் பார்த்தே பல ஊர்களில் ஸ்டேஷன் எழுந்தது. அந்தக் கம்பெனிக்கென்று ஒரு மஞ்சள் நிறமும் இருந்தது. தச்சர்கள் ரயிலிலேயே வந்து இறங்கினார்கள், மரமும் ரயிலிலேயே வந்தது.

எல்லாமே அச்சில் வார்த்தவை என்றும் நினைத்துவிட வேண்டாம். மாசசூசெட்ஸின் நார்த் ஈஸ்டன் என்ற சின்ன ஊருக்கு, ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1880களின் தொடக்கத்தில் கல்லில் ஒரு ஸ்டேஷன் வடிவமைத்தார். தாழ இறங்கிய பெரிய கூரையும் அரைவட்ட வளைவுகளுமாக, மண்ணிலிருந்து முளைத்ததைப் போல உட்கார்ந்திருக்கிறது. ஆனால் என் மனசு என்னவோ அந்த எண் போட்ட மரக் கட்டடங்களிடம்தான் போகிறது. யாரும் கலைப்பொருள் என்று நினைத்துக் கட்டாத அவற்றில் அவசியமில்லாத பலகை ஒன்றுகூட இருக்காது.

நடு அறையின் ஜன்னல் மட்டும் ஏன் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது?

சுற்றிக் காட்டும்போது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எழாமலே இரண்டு பக்கமும் தண்டவாளம் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். ஏஜென்டின் தந்தி மேசை அந்த இடத்தில்தான் இருந்தது.

தந்தி வருவதற்கு முன், ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் கால அட்டவணையை மட்டும் நம்பி ஓடின. ஒன்று தாமதமானால் இன்னொன்று கிளைப்பாதையில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். 1851இல் ஈரி ரயில்பாதையின் அதிகாரி சார்லஸ் மைனட், நியூயார்க் மாநிலத்தில் அப்படி நின்றுபோன ஒரு வண்டியில் இருந்தார். அடுத்த ஸ்டேஷனுக்குத் தந்தி அடித்து எதிர் வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் வண்டியைக் கிளப்பினார். அதிலிருந்து தொடங்கிய ‘வண்டி உத்தரவு’ முறை நூறு வருடத்துக்கு மேல் நடந்தது.

கட்டுப்பாட்டு அலுவலகம் தந்தியில் சொல்லும் உத்தரவை ஏஜென்ட் மெல்லிய தாளில் பிரதி எடுப்பார். கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் கைகாட்டியை மாற்றி வைப்பார். 31ஆம் எண் படிவம் என்றால் வண்டி நின்று கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். 19ஆம் எண் படிவத்துக்குக் கையெழுத்து வேண்டாம். அதை ஒரு நீண்ட கம்பின் வளையத்தில் சொருகி, தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று ஏஜென்ட் உயர்த்திப் பிடிப்பார். ஓடும் என்ஜினிலிருந்து ஒருவர் கையை நீட்டி வளையத்துக்குள் கொடுத்து எடுத்துக்கொள்வார். தாளை உருவிக்கொண்டு வளையத்தைக் கீழே எறிந்துவிடுவார், ஏஜென்ட் நடந்து போய் அதைப் பொறுக்கி வர வேண்டும். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்கு இன்னொரு பிரதி. இரவு, மழை, பனி எல்லாவற்றிலும் இப்படித்தான். அந்த வேலையில் பெண்களும் நிறையப் பேர் இருந்தார்கள். தந்தி தெரிந்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு வேலை கொடுத்த இடங்களில் சிற்றூர் ஸ்டேஷனும் ஒன்று.

தந்திக் கருவியின் ‘டக் டக்’ ஓசை கூட்டத்தில் கேட்காது என்று அதன் பின்னால் காலிப் புகையிலை டப்பா ஒன்றைச் சொருகி வைப்பார்கள். ஓசை கணீரென்று எழும். பழைய தந்தி மேசை எங்காவது காட்சிக்கு இருந்தால் அந்தத் தகர டப்பா இருக்கிறதா என்று பாருங்கள்.

எடிசன் தந்தி கற்றதும் இப்படி ஒரு சிற்றூர் ஸ்டேஷனில்தான். 1862இல் மிச்சிகனின் மவுன்ட் கிளெமன்ஸில், ரயிலில் பேப்பர் விற்றுக்கொண்டிருந்த 15 வயதுப் பையன் அவர். தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஏஜென்டின் குழந்தையை, உருண்டு வந்த சரக்குப் பெட்டியின் முன்னாலிருந்து தூக்கிக் காப்பாற்றினார். அந்தத் தகப்பன் நன்றிக்கடனாகத் தந்தி சொல்லிக் கொடுத்தார். 1859இல் கட்டிய அந்த ஸ்டேஷன் இன்றும் இருக்கிறது.

ஊர் வாழ்க்கையில் ஸ்டேஷனுக்கு அப்படி என்ன இடம்?

கடிகாரத்திலிருந்து தொடங்கலாம். முன்பு ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும்போது மணி பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டது. 1883 நவம்பர் 18 அன்று ரயில் கம்பெனிகள் நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. அரசு அதைச் சட்டமாக்கியது 1918இல்தான். இடைப்பட்ட 35 வருடமும் ஊர்க்காரர்கள் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

அப்புறம் சரக்கு. பால் கேன், விதை, தையல் மெஷின், சவப்பெட்டி, எல்லாம் அந்தத் தள்ளுகதவு வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. தபால் வழியே பொருள் விற்ற சியர்ஸ் கம்பெனி 1908 முதல் 1940 வரை முழு வீட்டையே பாகம் பாகமாக ரயிலில் அனுப்பி விற்றது. வாங்கியவர் ஸ்டேஷனிலிருந்து வண்டி வண்டியாக மரத்தை ஏற்றிப் போய், பாகங்களைப் பொருத்தி வீட்டைக் கட்டிக்கொள்வார்.

மனத்தை அழுத்தும் கதைகளும் உண்டு. 1854 முதல் 1929 வரை கிழக்குக் கரை நகரங்களிலிருந்து அநாதைக் குழந்தைகளையும், வளர்க்க வழியில்லாதவர்களின் குழந்தைகளையும் ரயிலில் ஏற்றி மேற்கே அனுப்பினார்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் இறக்கி வரிசையில் நிறுத்துவார்கள், விரும்பிய குடும்பம் அழைத்துப் போகும். சில பிள்ளைகளுக்கு நல்ல வீடு அமைந்தது, சிலர் பண்ணைக் கூலியானார்கள், அண்ணன் தம்பிகள் வேறு வேறு ஊரில் இறங்கிப் பிரிந்தார்கள். இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இப்படி அனுப்பப்பட்டார்கள். காத்திருக்கும் அறையின் மர பெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் ஊரையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கி 1946 ஏப்ரல் 1 வரை, அந்த ஸ்டேஷனில் நின்ற ஒவ்வொரு ராணுவ ரயிலையும் ஊர்ப் பெண்கள் காபியும் சாண்ட்விச்சும் கேக்குமாக எதிர்கொண்டார்கள். வண்டி நிற்பது பத்துப் பதினைந்து நிமிடம். சுமார் 60 லட்சம் படைவீரர்கள் அங்கே சாப்பிட்டுப் போனார்கள். சுற்றியிருந்த ஊர்களெல்லாம் முறைவைத்து முட்டையும் மாவும் சர்க்கரையும் கொண்டுவந்து கொடுத்தன. அந்தக் கட்டடத்தை 1973இல் இடித்துவிட்டார்கள்.

சில ஸ்டேஷன்களில் காத்திருக்கும் அறை இரண்டாக இருக்கிறது. ஏன்?

தென் மாநிலங்கள் என்றால் விடை நிறவெறி. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்சநீதிமன்றம் ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று சொன்ன பிறகு, வெள்ளையருக்கு ஒரு அறை, கறுப்பினத்தவருக்கு ஒரு அறை என்று பிரிப்பது சட்டத்தின் துணையோடு பரவியது. சமம் என்பது பேச்சளவில்தான். கறுப்பினத்தவரின் அறை சிறியதாக, சரக்கு அறையை ஒட்டி, பெரும்பாலும் தனி வாசலோடு இருக்கும். டிக்கெட் ஜன்னலும் தனி. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளின் அறைகளில் இந்தப் பிரிவினை கூடாது என்று ஒன்றிய அரசின் ஆணையம் 1955 நவம்பரில் உத்தரவிட்டது. 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் மிச்சத்தையும் சட்டவிரோதமாக்கியது.

வட மாநிலங்களிலும் சில இடங்களில் இரண்டு அறை உண்டு. அவை ஆண்களுக்கும் பெண்களுக்கும்.

மராமத்தில் இந்தச் சுவரை என்ன செய்வது என்ற கேள்வி வரும். இடம் பெரிதாகக் கிடைக்கும், கசப்பும் மறையும், எடுத்துவிடலாம் என்பார்கள். எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கடைசியாக உட்கார்ந்திருந்தது அப்படிப்பட்ட ஒரு சின்ன அறையில். சுவரை எடுத்தால் அவர்கள் அங்கே இருந்ததற்கான அடையாளமே போய்விடும்.

இவ்வளவு முக்கியமான இடங்கள் ஏன் மூடப்பட்டன?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. 1916இல் அமெரிக்க ரயில்பாதையின் நீளம் 2,54,000 மைல் என்ற உச்சத்தைத் தொட்டது. அதன் பிறகு இறங்குமுகம். காரும் லாரியும் பெருகின. 1956இல் நெடுஞ்சாலைகளுக்கான பெரிய சட்டம் வந்தது. 1958இன் சட்டம், நஷ்டத்தில் ஓடும் பயணிகள் ரயிலை நிறுத்துவதை எளிதாக்கியது. 1967இல் தபால் துறை ரயில் அஞ்சல் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை விலக்கிக்கொண்டது. பல வண்டிகள் அந்தத் தபால் வருமானத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. 1971 மே 1 அன்று, ஒன்றிய அரசு உருவாக்கிய பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் பொறுப்பேற்றபோது, மிச்சமிருந்த பயணிகள் ரயில்களில் ஏறத்தாழ பாதி ஒரே நாளில் நின்றுபோயின.

பயணிகள் போன பிறகும் ஏஜென்டுக்கு வண்டி உத்தரவு வேலை இருந்தது. தொலைவிலிருந்து இயக்கும் சிக்னலும் ரேடியோவும் வந்ததும் அதுவும் போயிற்று. ஆளில்லாத கட்டடத்துக்கு வரியும் காப்பீடும் கட்டுவானேன் என்று கம்பெனிகள் இடித்துத் தள்ளின.

பழையதை இடித்துவிட்டு அதே மாதிரி புதிதாகக் கட்டினால் செலவு குறையாதா?

சில சமயம் குறையும். ஆனால் கிடைப்பது வேறு பொருள்.

இந்த வேலையை நான் ‘புதுப்பித்தல்’ என்று சொல்வதில்லை. நம்மிடம் மராமத்து என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. கெட்டுப்போன இடத்தை மட்டும் செப்பனிட்டு, கெடாததைத் தொடாமல் விடுவது. பழைய பலகையில் ஆணி அடித்த துளை, பெஞ்ச் உரசிய தேய்மானம், அடுப்பு இருந்த இடத்தின் கருகல் எல்லாம் எழுத்தில் இல்லாத ஆவணங்கள். எங்கள் ஸ்டேஷனின் பழைய வரைபடம் கிடைக்கவில்லை. டிக்கெட் கவுண்டர் எவ்வளவு நீளம் என்பதைத் தரைப்பலகையில் தேயாமல் இருந்த பட்டையை அளந்துதான் கண்டுபிடித்தோம். அந்தப் பலகையை முன்பே மாற்றியிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

நாட்டின் கண் திறந்தது ஒரு பெரிய இழப்பில். நியூயார்க்கின் பென்சில்வேனியா ஸ்டேஷனை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சியும் சேர்ந்து 1966இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உள்துறை அமைச்சகம் பின்னர் வகுத்த நெறிகளில் நான்கு வழிகள் உண்டு. இருப்பதை இருந்தபடி காப்பது ஒன்று, புதுப் பயனுக்கு ஏற்றபடி செப்பனிடுவது ஒன்று, ஒரு குறிப்பிட்ட காலத்தின் தோற்றத்துக்குத் திருப்புவது ஒன்று, அழிந்ததைத் திரும்பக் கட்டுவது ஒன்று. சிற்றூர் ஸ்டேஷன்களில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. அதற்கான பத்து நெறிகளில் ஆறாவது நெறி எங்களுக்கு வேதவாக்கு: கெட்டதை மாற்றாதே, பழுதுபார். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வடிவமும் நிறமும் இழையும், முடிந்தால் பொருளும், பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

வேலையை எங்கே தொடங்க வேண்டும்?

தண்ணீரில். பார்க்க வருகிறவர்கள் முதலில் பெயின்டைப் பற்றித்தான் கேட்பார்கள். நாம் கேட்க வேண்டியது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று. கூரை ஒழுகுகிறதா, தகரப் பொருத்துகள் சரியாக இருக்கின்றனவா, கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலிகள் அடைத்திருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டேஷன்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் வருடக்கணக்காக ஜல்லி கொட்டிக் கொட்டிப் பாதை உயர்ந்துகொண்டே வரும். கட்டடம் அதே மட்டத்தில் நிற்கும். ஒரு காலத்தில் கட்டடத்திலிருந்து வெளியே சரிந்த தரை இப்போது உள்ளே சரியும். அடிச்சட்டம் ஊறி, கையால் கிள்ளினால் பிட்டு மாதிரி உதிர்ந்துவிடும். எங்கள் ஸ்டேஷனில் ஒரு பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது. ஜாக்கி கொடுத்து நாளொன்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, கெட்ட சட்டத்தை மட்டும் வெட்டியெடுத்து வேறு மரம் சேர்த்தோம். அவசரப்பட்டுத் தூக்கினால் மேலே காரைச்சுவர் விரிந்துவிடும்.

முதலில் என்ன நிறம் அடித்திருந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

வெயில் படாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுப்போம். கூரைத் தாங்கியின் அடிப்பக்கம் நல்ல இடம். அங்கே காசு அகலத்துக்கு ஒரு சின்னக் குழியை மெல்லிய கத்தியாலும் உப்புத்தாளாலும் சரிவாகத் தேய்த்துக்கொண்டே போவோம். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும், மரத்தின் வயது வளையம் போல. எங்கள் ஸ்டேஷனில் மேலே வெள்ளை, அதற்கடியில் சாம்பல், இரண்டு பச்சை, ஒரு மஞ்சள், எல்லாவற்றுக்கும் கீழே மரத்தை ஒட்டிச் செங்காவி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பச்சைக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. அது கரி என்ஜின் புகை. அந்தப் பச்சை பல வருடம் வெளியே புகை தின்றிருக்கிறது என்று அர்த்தம். கோடு இல்லாத இடத்தில் மேற்பூச்சு உடனே அடிக்கப்பட்டது என்று அர்த்தம், அதாவது கீழே இருப்பது அடிப்பூச்சு மட்டுமே.

ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் கலந்த பழைய பெயின்ட் இருட்டில் கிடந்தால் மஞ்சளித்துப்போகும். குழியைத் தோண்டியவுடன் நிறத்தை ஒப்பிட்டால் தப்பாகிவிடும். சில நாள் வெளிச்சம் படவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். வீடுகளுக்கு ஈய பெயின்ட் தடை செய்யப்பட்டதே 1978இல்தான். உலர வைத்துத் தேய்க்கக் கூடாது. ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும், கீழே விரிப்பு போட வேண்டும், சரியான முகமூடி வேண்டும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது. இதில் யாரும் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுவோம்.

செங்கல் சுவரில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாமா? சந்துகளைச் சிமென்டால் அடைக்கலாமா?

இரண்டும் கூடாது. நம் ஊர்க் கோவில்களில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த தூண்களில் சிற்பங்களின் கண்ணும் விரலும் மழுங்கிப்போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய செங்கலின் வெளித்தோல் சூளையில் நன்றாக வெந்தது, உள்ளே மிருது. தோலை உரித்துவிட்டால் சுவர் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும்.

சிமென்ட் இன்னும் நிதானமாகக் கெடுக்கும். சுண்ணாம்புக் காரை செங்கலைவிட மிருதுவானது, சுவரில் ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியேறும். கடினமான சிமென்டைப் பூசினால் ஈரம் செங்கல் வழியாகத்தான் போக வேண்டும். பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும், செங்கலின் முகம் பட்டை பட்டையாக வெடித்து விழும். எங்கள் ஸ்டேஷனின் புகைபோக்கிக்கும் அடிச்சுவருக்கும் முன்பு ஒரு ஒப்பந்தக்காரர் நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசிக் கொடுத்தார். சில குளிர்காலங்களில் காரை அப்படியே கம்பீரமாக நின்றது, நடுவிலிருந்த செங்கல்தான் குழிந்து போயிருந்தது. இப்போது சந்தின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் கையாலேயே கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு வைக்கிறோம். ஒரு நாளில் ஓர் ஆள் செய்து முடிப்பது கொஞ்சம்தான்.

ஜன்னலையாவது புதிதாக மாற்றக்கூடாதா?

வேண்டாம். அந்தச் சட்டங்கள் பழைய காடுகளில் மெதுவாக வளர்ந்த மரம். வயது வளையங்கள் நெருக்கமாக இருக்கும், இன்று கடையில் அது கிடைக்காது. கெட்டுப்போன முனையை மட்டும் அறுத்து, அதே மரத்தில் அதே இழைவாக்கில் துண்டு பொருத்தி, கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் பசையைப் புதிதாக வைத்து, ஜன்னலைத் தூக்கி இறக்க உதவும் எடைக்கல் தொங்கும் கயிற்றை மாற்றினால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். கண்ணாடியில் அலையலையாகத் தெரியும் நெளிவும் பழையதில்தான் இருக்கும்.

கட்டடத்தையே தூக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்களாமே?

ஆமாம், நிறைய நடந்திருக்கிறது. கம்பெனி கட்டடத்தைப் பேருக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிடும், தண்டவாளத்தை விட்டு அப்புறப்படுத்து என்ற நிபந்தனையோடு. ஓடும் பாதையின் பக்கத்தில் பொதுமக்கள் கூடுவது அவர்களுக்குப் பெரிய பயம், அதில் நியாயமும் உண்டு. அடியில் இரும்பு உத்திரங்களைச் செருகி, ஜாக்கியால் தூக்கி, சக்கரம் பூட்டி, வழியில் மின்கம்பிகளை விலக்கி இழுத்துப் போவார்கள். நீளமான கட்டடமாக இருந்தால் இரண்டாக அறுப்பதும் உண்டு.

வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். இடம் மாறிய கட்டடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்வது கடினம், விதிவிலக்குகள் உண்டு என்றாலும். அதைவிட எனக்கு வலிப்பது, நகர்த்திய ஸ்டேஷனின் துருத்திய ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால், முன்னால் நாலு கஜம் தண்டவாளமாவது போட்டு, கட்டடத்தைப் பழைய திசையிலேயே திருப்பி வையுங்கள்.

பணம் யார் கொடுக்கிறார்கள்? பதிவேட்டில் சேர்ந்தால் கட்டடம் தப்பித்ததா?

இரண்டாவதற்கு முதலில் பதில். தப்பிக்காது. தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் பெயர் இருந்தாலும், தனியார் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடிப்பதை அது மட்டும் தடுக்காது. ஊராட்சியின் உள்ளூர்ச் சட்டம்தான் தடுக்கும். அது இல்லாத ஊர்கள் ஏராளம்.

பணத்தில் பெரிய திருப்பம் 1991இல் வந்தது. அந்த ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை, பழைய ரயில் நிலையங்களை மராமத்து செய்வது உள்ளிட்ட பணிகளுக்கு ஒதுக்கியது. ஒவ்வொரு டாலரிலும் பொதுவாக 80 சென்ட் ஒன்றிய அரசு, 20 சென்ட் ஊர். இன்று நாம் பார்க்கும் சீரான சிற்றூர் ஸ்டேஷன்களில் பல அந்தப் பணத்தால் பிழைத்தவை. 2012க்குப் பிறகு திட்டத்தின் பெயரும் அமைப்பும் மாறின, வழி அடியோடு அடைபடவில்லை. உணவகம், கடை என்று வருமானம் தரும் கட்டடமாக மாற்றினால், தகுதியான செலவில் 20 சதவீதம் வருமான வரிச் சலுகையும் உண்டு. எங்களைப் போன்ற சங்கங்கள் வரி கட்டுவதில்லை என்பதால் அது நேரடியாக உதவாது. மீதி 20 சென்டுக்குத்தான் கேக் விற்பனையும், பழைய புகைப்படக் காலண்டரும், வீடு வீடாகப் போவதும்.

மராமத்து முடிந்த பிறகு என்ன செய்வது?

இது முதலிலேயே முடிவாக வேண்டிய கேள்வி. பூட்டி வைத்த கட்டடம் மறுபடியும் ஒழுகத் தொடங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அருங்காட்சியகம். அதை வாரம் முழுக்கத் திறந்து வைக்க ஆள் இருக்கிறதா என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். நூலகம், ஊராட்சி அலுவலகம், காபிக் கடை எதுவானாலும் தினமும் விளக்கு எரிந்தால் நல்லது.

எல்லாவற்றிலும் சிறந்தது, ரயில் மறுபடியும் அங்கே நிற்பது. அரிசோனாவின் வின்ஸ்லோ ஊரைப் பாருங்கள். மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த லா பொசாடா, ஸ்டேஷனோடு சேர்ந்த ஹோட்டல், 1930இல் திறந்தது, 1957இல் மூடியது. உள்ளே அறைகளைத் தடுத்து ரயில் கம்பெனி அலுவலகமாக்கியது. 1997இல் புது உரிமையாளர்கள் வாங்கி, உள்ளேயே குடியிருந்துகொண்டு, அறை அறையாக மீட்டார்கள். இன்று சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையில் ஓடும் ஆம்ட்ராக் வண்டி அங்கே நிற்கிறது. நெவாடாவின் ஈஸ்ட் ஈலியில் 1907ஆம் ஆண்டு ஸ்டேஷனோடு பணிமனையும் நீராவி என்ஜின்களும் அலுவலகக் காகிதங்களும் சேர்ந்து தப்பின. செப்புச் சுரங்க வேலை நின்றதும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போனதால் வந்த பாக்கியம் அது.

பயன்படுத்த வேண்டுமென்றால் சக்கர நாற்காலிக்கு வழி வேண்டாமா? அது பழைய தோற்றத்தைக் கெடுக்காதா?

கட்டாயம் வேண்டும், 1990 முதல் சட்டமும் அதைக் கேட்கிறது. ஸ்டேஷன்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. சரக்கு அறையின் கதவு ஏற்கனவே அகலம், அந்தப் பக்கம் சாய்தளம் முன்பிருந்தே இருந்திருக்கும். அங்கேயே வைத்துவிடலாம்.

ஒரு பழைய ஸ்டேஷனுக்குப் போனால் எதைப் பார்ப்பது?

காட்சிப்பெட்டியில் இருப்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் டிக்கெட் ஜன்னலின் கீழ்ப்பலகையைத் தடவிப் பாருங்கள், காசைத் தள்ளித் தள்ளி நடுவில் பள்ளமாகியிருக்கும். பெஞ்சுகளின் நடுவே ஏன் கைப்பிடி என்று கேளுங்கள், படுத்துத் தூங்காமல் இருக்கத்தான். துருத்திய ஜன்னலில் உட்காரவிட்டால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பாருங்கள். பாதை இன்னும் ஓடுகிறதென்றால் படம் எடுக்கவென்று தண்டவாளத்தில் ஏறாதீர்கள், அது குற்றம், ஆபத்தும்கூட.

சரக்கு அறைக்கும் அவசியம் போங்கள். எங்கள் ஸ்டேஷனில் அந்தத் தள்ளுகதவின் உட்பக்கம் பெயின்ட் படாத வெறும் மரம். அதில் முழங்கை உயரத்திலிருந்து தலை உயரம் வரை பென்சில் கோடுகள், நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி நாலு, குறுக்கே ஒன்று. பெட்டிகளை எண்ணி இறக்கிய யாரோ போட்டவை. போன வருடம் உள்ளே முழுக்கப் பூச்சு அடித்தபோது அந்தக் கதவை மட்டும் கழற்றித் துணி சுற்றி ஓரமாக வைத்திருந்தோம். வேலை முடிந்ததும் அப்படியே கொண்டுவந்து மாட்டிவிட்டோம்.